திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை: ரயிலா, பஸ்ஸா, காரா?

திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர் திருச்சிக்காரர்கள் இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாயிலிருந்து வருகிறவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், புதுக்கோட்டை, மதுரை என்று பிரிந்து போவார்கள். வீட்டிலிருந்து வண்டி பிடித்துக்கொண்டு கூட்டிப்போக வருவதுதான் வழக்கம். தனியாக வருகிறவர் அந்த வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டுமா? டெல்டா பக்கம் போகிறவர் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

சென்னையில் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. இங்கே 2024-ல் புதிய முனையம் வந்துவிட்டாலும், ரயில் ஏற திருச்சி ஜங்ஷன் வரை ஐந்தாறு கிலோமீட்டர் போக வேண்டும். புதுக்கோட்டை ரோட்டில் டவுன் பஸ் கிடைக்கும். கையில் ஒரே பை என்றால் அது போதும். பெரிய பெட்டிகள் இருந்தால் ஆட்டோவோ கால் டாக்ஸியோதான். ரயிலைத் தேர்ந்தெடுப்பவர் இந்த முதல் துண்டுப் பயணத்தின் செலவையும் நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

சேர்த்துப் பார்த்தாலும் தஞ்சாவூருக்கு ரயில்தான். ஐம்பது கிலோமீட்டர், இரட்டைப் பாதை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். முன்பதிவில்லாப் பெட்டிக்கு இறங்கிய பிறகு போனிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், விமானம் தாமதமானாலும் பணம் போகாது. அடுத்த வண்டியில் ஏறினால் ஆயிற்று. பஸ்ஸும் நேரத்தில் அதிகம் பின்தங்காது, நாலுவழிச் சாலை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது இறக்கிவிடும் புது பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே. ரயிலடியில் இறங்கினால் பெரிய கோவிலுக்கு நடந்தே போய்விடலாம்.

கும்பகோணம், மாயவரம் போகிறவர்களுக்கு ரயிலின் அருமை இன்னும் கூடுதல். தஞ்சாவூரைத் தாண்டிப் பஸ்ஸில் ஊர் ஊராக நின்று போவது நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உடம்பைப் படுத்திவிடும். ரயிலிலோ கும்பகோணத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான். ஒரு குறை உண்டு: தஞ்சாவூருக்கு அப்பால் இன்னமும் ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காகக் கிராசிங்கில் காத்திருக்க நேரும். இத்தனை பேர் போய்வரும் இந்தப் பழைய பாதையில் இரண்டாவது பாதை இன்னும் போடாதது நியாயமே இல்லை. நள்ளிரவுக்குப் பின் இறங்குகிறவர்கள், மைசூரிலிருந்து மாயவரம் வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் திருச்சிக்கு வருவதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மதுரைக்கு மட்டும் ஒரே பதில் சொல்ல முடியாது. தேஜஸும் வந்தே பாரத்தும் திண்டுக்கல் வழியாகச் சுமார் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இறங்கும் இடம் ஊரின் நடுவில். மீனாட்சி அம்மன் கோவில் நடக்கும் தூரம். ஆனால் இரண்டிலும் முன்பதிவில்லாப் பெட்டி கிடையாது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் வீண். இரவில் சென்னையிலிருந்து தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்கள் வரிசையாகத் திருச்சியைக் கடக்கும். அவற்றின் பொதுப்பெட்டி எழும்பூரிலேயே நிரம்பி வழியும். பெட்டி படுக்கையோடு அதில் ஏறச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே பகல் விமானம், இறங்குவதற்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று நான்கு மணி நேர இடைவெளி என்றால் ரயில், இல்லையென்றால் பஸ். 2025-ல் பஞ்சப்பூர் பேருந்து நிலையம் செயல்படத் தொடங்கியபின் மதுரை பஸ் ஏற அங்கேதான் போக வேண்டும். பழைய நினைப்பில் மத்திய பேருந்து நிலையத்துக்குப் போய் அலைய வேண்டாம். விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரையின் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். மூன்று நான்கு பேராக வந்தால் காரைப் பகிர்ந்துகொள்வதும் கட்டுப்படியாகும்.

புதுக்கோட்டைக்கு ரயில் வேண்டாம். விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை ரோட்டில்தான். ரயிலுக்காக ஜங்ஷன் வரை பின்னால் போய், அங்கே காத்திருந்து திரும்பத் தெற்கே வருவதில் பொருளில்லை. இந்த ரோட்டில் வரும் புதுக்கோட்டை பஸ்ஸை வாசலிலேயே கைகாட்டி ஏறிக்கொள்ளுங்கள். காரைக்குடிக்குப் போகிறவர் மாலையில் இறங்கினால் மட்டும் ஜங்ஷனுக்குப் போகலாம். சென்னையிலிருந்து வரும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவில் அங்கிருந்து காரைக்குடிக்குக் கிளம்பும்.