அறிக்கையிட ஓர் இடம்: காட்பாடிப் பக்கத்துத் தியான இல்லம் பற்றிய மதிப்புரை

காட்பாடியை அடுத்த ஒரு தியான இல்லத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலத்தின் சனிக்கிழமைகளில், குற்றவுணர்வையும் மன்னிப்பையும் பற்றிய ஒருநாள் தியானமும், விரும்புவோருக்கு அதைத் தொடர்ந்து தனி ஆலோசனையும் நடத்துகிறார்கள். சென்ற மார்ச் மாதம் அந்தத் தியானத்தில் கலந்துகொண்டேன். பிறகு இரண்டு முறை ஆலோசகரைத் தனியாகச் சந்தித்தேன். குறையையும் எழுத வேண்டியிருப்பதால் இல்லத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

போன காரணத்தைச் சொல்லாமல் இந்த மதிப்புரைக்குப் பொருளில்லை. குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா, பதினோரு ஆண்டுகளுக்கு முன் வெளியூர் போகும்போது பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த ஐந்து பவுன் சங்கிலியை, அவருக்குத் தெரியாமல் அடகு வைத்தேன். வட்டி கட்ட முடியாமல் அது மூழ்கிப்போனது. வீட்டில் திருடு போய்விட்டதாக அக்காவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணின்மேல் சந்தேகம் விழுந்து, அவர் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனபோதும் நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, ஞாயிறுதோறும் ஆலயத்தில் பொதுப் பாவ அறிக்கையைச் சபையாரோடு சேர்ந்து உரக்கச் சொல்லிவந்தேன் என்பதுதான் இதில் எனக்கே விளங்காத பகுதி. எல்லாரும் ஒரே குரலில் சொல்லும்போது, அவரவர் பாவம் அந்தக் குரலுக்குள் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது.

1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் வழிவந்த எங்கள் சபைகளில், கத்தோலிக்கருக்கு உள்ள ஒப்புரவு அருட்சாதனம் போல, ஒருவர் முன் அமர்ந்து பாவத்தைச் சொல்லும் கட்டாயம் கிடையாது. தேவனிடம் நேரடியாகச் சொன்னால் போதும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் போதனையில் தவறில்லை. ஆனால் என்னைப் போன்றவர்கள் அதை யாரிடமும் சொல்லாமலிருப்பதற்கான அனுமதியாக்கிக்கொள்கிறோம். இந்த இல்லம் நிரப்புவது அந்த இடைவெளியைத்தான்.

கட்டணம் மதியச் சாப்பாட்டோடு 300 ரூபாய். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடிகிறது. கூடம் சுத்தமாக இருக்கிறது, மின்விசிறிகள்தான் சத்தம் போடுகின்றன. லெந்து நாள் என்பதால் சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும்தான். ஆம்பூரிலிருந்து வந்திருந்த இருவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

காலைப் பகுதிதான் இந்த நிகழ்ச்சியின் உயிர். ஓய்வுபெற்ற ஆசிரியையான ஆலோசகர், குற்றவுணர்வு வேறு, அவமானம் வேறு என்ற ஒரே கருத்தை இரண்டு மணி நேரம் பொறுமையாக விரித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தொலைவிலிருந்து வந்ததல்ல. இதே காட்பாடிப் பக்கம், கரிகிரியில், 1955-இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனைக்கு வந்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். ஆனாலும் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு மன்னிப்பு தேவைப்படவில்லை. தொடுகிற கை தேவைப்பட்டது. செய்யாத தவறுக்காகக் கூனிக்குறுகி வாழ்பவரிடம் ‘மனந்திரும்பு’ என்பது கொடுமை என்றும், செய்த தவறைச் சுமப்பவரிடம் ‘அதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்ளாதே’ என்பது அதைவிட நயமான கொடுமை என்றும் அவர் சொன்னபோது கூடத்தில் சிலர் தலை குனிந்தார்கள். அந்த நேரம் எனக்கு என் சங்கிலி நினைவுக்கு வரவில்லை. செய்யாத திருட்டுக்காக அவமானப்பட்டுப் போன அந்தப் பெண்தான் வந்தார்.

அடுத்துப் பேசியது இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைப் பற்றி. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த சீடன் பேதுருவைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். யூதாஸ், காட்டிக்கொடுக்க வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோய், தான் பாவம் செய்ததாக ஆசாரியரிடம் வாய்விட்டு ஒப்புக்கொண்டான் என்பதை யாரும் நிறுத்திக் காட்டியதில்லை. மத்தேயு 27-இல் அவனுக்குக் கிடைத்த பதில், ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்பதுதான். மன்னிப்பின் வழியைக் காட்ட வேண்டிய இடத்திலேயே அவன் கைவிடப்பட்டான். பேதுருவோ, மறுதலித்தபின், உயிர்த்தெழுந்த இயேசுவே கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக் காத்திருக்கக் கண்டான். பாவத்தின் அளவை ஒப்பிடுவதை விட்டு, அறிக்கையைக் கேட்டவர் யார் என்று பார்க்கும்படி ஆலோசகர் கேட்டுக்கொண்டார். அதன்பின் ஒரு மணி நேரம் மௌனம். 32-ஆம் சங்கீதத்தை மட்டும் கையில் கொடுத்து மரத்தடிக்கு அனுப்பினார்கள். பாவத்தை அடக்கிவைத்திருந்த காலமெல்லாம் எலும்புகள் உலர்ந்துபோயின என்ற வரியை நான் அதுவரை அணியாகத்தான் படித்திருந்தேன்.

இவ்வளவு நுட்பமான காலைக்குப் பிறகு, பிற்பகலில் அவர்கள் செய்தது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. இதை நடத்தியவர் வேறொருவர். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, ‘மனம் ஏவப்பட்டவர்கள்’ முன்வந்து சாட்சி சொல்லலாம் என்று அழைத்தார். நாற்பது பேர் இருந்த கூடத்தில், ஓர் இளம்பெண் தன் குடும்பத்து விஷயம் ஒன்றைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் உடைந்துபோனார். எல்லாரும் ‘அல்லேலூயா’ சொன்னார்கள். வேலூர் பெரிய ஊர்தான். ஆனால் சபைகளுக்குள் அது மிகச் சின்ன ஊர். திங்கட்கிழமை அந்தச் செய்தி எந்தத் தெருவில் நின்று பேசப்பட்டிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது. கேட்பவர் யார் என்பது முக்கியம் என்று காலையில் சொல்லிவிட்டு, மாலையில் யார் காதில் விழுந்தாலும் சரி என்று விடுவது எப்படிப் பொருந்தும்? கருத்துப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாறும்வரை, போகிறவர்கள் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்பதே என் பரிந்துரை.

தனி ஆலோசனைக்குத் தயக்கமின்றிப் போகலாம். கட்டணம் இல்லை, காணிக்கைப் பெட்டி மட்டும் இருக்கிறது. கதவு மூடிய அறை. குறிப்பேடு எதுவும் இல்லை. நான் சொல்லி முடித்ததும் ஆலோசகர் உடனே ஜெபிக்கவில்லை, உடனே மன்னிப்பையும் அறிவிக்கவில்லை. ‘அக்காவுக்குத் தெரியுமா தம்பி?’ என்று மட்டும் கேட்டார். பிறகு பைபிளில் எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தை என்னையே வாசிக்கச் சொன்னார்: குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, யாருக்கு விரோதமாகச் செய்தானோ அவருக்கே கொடுக்க வேண்டும். ஐந்து பவுனுக்கு ஐந்தில் ஒன்று ஒரு பவுன். ஆக ஆறு பவுன், நாற்பத்தெட்டு கிராம். கிறிஸ்துவின் மன்னிப்பு இலவசம் என்று கேட்டே வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கு திகைப்பாக இருந்தது. இது மன்னிப்புக்கான விலையல்ல என்றும், வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது இயேசு அவன் வீட்டுக்குள் வந்த பிறகுதான் என்றும் விளக்கினார். இரண்டாவது சந்திப்பில், ‘சங்கிலிக்குக் கணக்கு இருக்கிறது, அந்தப் பெண்ணின் பெயருக்கு?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரும் பதில் தரவில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாம், மன்னித்தே ஆக வேண்டும் என்று வசனம் காட்டி நிற்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். தூக்கமின்மை, சாக வேண்டும் என்ற எண்ணம் போன்றவற்றோடு வருபவர்களை, ஜெபத்தோடு நிறுத்திவிடாமல் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்துக்கு அனுப்புவதாகவும் தெரிவித்தார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் குடியாத்தம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா, அதைக் கண்டுபிடி மொதல்ல’ என்றார். முதல் தவணையை வாங்கி, எண்ணிப் பார்த்து, பால் கணக்கு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார். பழைய முகவரியில் விசாரித்ததில் அந்தப் பெண் பேரணாம்பட்டுப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்; அடுத்த வாரம் போகிறேன்.

தனிச் சந்திப்புக்கு இப்போது மூன்று வாரமாவது காத்திருக்க வேண்டியிருக்கிறது. காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். மாலையில் பக்கத்துத் திருமண மண்டபத்தின் ஒலிபெருக்கியால், மெதுவாகச் சொல்ல நினைத்ததையும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.