ரோமன் எண்ணாக மாற்ற எந்த வழி நல்லது?

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 99-ஐ ⅠⅭ என்று எழுதிக்கொண்டு வந்தாள். நூறுக்கு ஒன்று குறைவு, அதனால் Ⅽ-க்கு முன்னால் Ⅰ. அவள் சொன்ன நியாயத்தில் பிழையில்லை. "சின்னது முன்னால் வந்தால் கழி" என்று மட்டும் சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளையும் இப்படித்தான் எழுதும். சரியான விடை ⅩⅭⅠⅩ. எந்த வழியில் போனால் இந்தத் தவறே வராது என்று பார்க்க, புழக்கத்தில் உள்ள வழிகளை 1949 என்ற எண்ணில் போட்டுப் பார்த்தேன்.

ரோமன் எழுத்துகள் ஏழு: Ⅰ 1, Ⅴ 5, Ⅹ 10, Ⅼ 50, Ⅽ 100, Ⅾ 500, Ⅿ 1000. முதல் வழி, எல்லாவற்றையும் கூட்டி எழுதிவிட்டுப் பிறகு சுருக்குவது. 1949 முதலில் ⅯⅮⅭⅭⅭⅭⅩⅩⅩⅩⅤⅠⅠⅠⅠ என்று பதினைந்து எழுத்தாக நீளும். அதில் ⅮⅭⅭⅭⅭ-ஐ ⅭⅯ ஆகவும், ⅩⅩⅩⅩ-ஐ ⅩⅬ ஆகவும், ⅤⅠⅠⅠⅠ-ஐ ⅠⅩ ஆகவும் மாற்றினால் ⅯⅭⅯⅩⅬⅠⅩ. ஆபத்து எங்கே என்றால், அவசரத்தில் கடைசி நாலு கோட்டை மட்டும் ⅠⅤ ஆக்கினால் ⅤⅠⅤ என்று ஒரு போலி எண் வந்து நிற்கும். ஆனாலும் கூட்டி எழுதுவதை நான் கேவலமாக நினைக்கவில்லை. ரோமர்களே அப்படி எழுதியிருக்கிறார்கள். கொலோசியத்தின் 44-ஆம் வாயிலில் ⅩⅬⅠⅠⅠⅠ என்றுதான் வெட்டியிருக்கிறது. நாற்பது கழித்தல் முறையில், நாலு கூட்டல் முறையில், இரண்டும் ஒரே எண்ணில்! லண்டன் அட்மிரால்டி வளைவில் 1910 என்பது ⅯⅮⅭⅭⅭⅭⅩ. பல கடிகார முகப்புகளில் இன்றும் ⅠⅠⅠⅠ இருக்கிறது.

இரண்டாவது, பெரியதில் தொடங்கிக் கழித்துக்கொண்டே இறங்குவது. 1949-இல் 1000 போனால் 949, அதில் 900 போனால் 49, பிறகு 40, பிறகு 9. நிரல் எழுதுபவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது, பத்து வரிக்குள் முடிந்துவிடும். கையால் போடும்போதுதான் சிக்கல். ஏழு எழுத்தின் மதிப்பு மட்டும் போதாது. 900, 400, 90, 40, 9, 4 என்ற ஆறும் சேர்ந்து பதிமூன்று படிகள் மனதில் நிற்கவேண்டும். 90 மறந்துபோனால் 50-உம் 40-உம் சேர்ந்து ⅬⅩⅬ வந்துவிடும்.

மூன்றாவது, இடமதிப்பாகப் பிரித்து ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே மாற்றுவது: 1000, 900, 40, 9. நான் இதன் பக்கம்தான். காரணம், கழித்தல் என்பது ஓர் இடத்துக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. 99-ஐ 90, 9 என்று உடைத்த பிறகு ⅠⅭ எழுத வழியே இல்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி வசதியும் உண்டு. ஒன்பது என்ற சொல்லில் பத்து ஒளிந்திருக்கிறது, தொண்ணூறில் நூறு, தொள்ளாயிரத்தில் ஆயிரம். அடுத்த படியின் பெயர் சொல்லிலேயே நிற்கிறது. ரோமனிலும் அதேதான்: ⅠⅩ-இல் பத்து, ⅩⅭ-இல் நூறு, ⅭⅯ-இல் ஆயிரம். இதைச் சொன்னதும் என் மகள் 1999-ஐ வாயால் சொல்லிக்கொண்டே ⅯⅭⅯⅩⅭⅠⅩ என்று ஒரே மூச்சில் எழுதினாள். நாலுக்கும் நாற்பதுக்கும் நானூறுக்கும் இந்த உதவி கிடையாது, அவை மனப்பாடம்தான்.

எக்செல்லின் ரோமன் சூத்திரம் சரிபார்க்க நல்லது. 3999 வரை போகும். சூத்திரத்தின் அடைப்புக்குறிக்குள் எண்ணுக்கு அடுத்து வரும் இரண்டாவது இடத்தில் மட்டும் எதையும் போடாதீர்கள். 499-க்கு வழக்கமாக ⅭⅮⅩⅭⅠⅩ தருவது, அங்கே 4 போட்டால் ⅠⅮ என்று சுருக்கித் தரும். என் மகள் எழுதிய ⅠⅭ-யும் அதே வகைதான். பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது.