பஸ் ஸ்டாண்டுக்கு ப்ளூடூத் பீக்கன்: வாங்கலாமா?

மதுரை மாட்டுத்தாவணி மாதிரி பெரிய பஸ் ஸ்டாண்டில், பார்வையற்ற பயணிக்கு அவர் எந்த நடைமேடையில் நிற்கிறார் என்று போனே சொல்ல வேண்டுமானால் பீக்கன், அதாவது தன் அடையாள எண்ணை விடாமல் ப்ளூடூத்தில் அனுப்பும் சின்னப் பெட்டி, நல்ல கருவி. கூரைக்கடியில் ஜிபிஎஸ் தடுமாறும்.

சிஆர்2477 என்ற பட்டன் பேட்டரி போடும் மாடலையே வாங்குங்கள். அது சுமார் 1000 மில்லிஆம்ப்-மணி தாங்கும். சிஆர்2032-இல் 220 அளவுதான். 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சிக்னல் விட்டால் பேட்டரி சீக்கிரம் காலி, 500 போதும்.

தகரக் கூரையில் நேராக ஒட்டாதீர்கள், ஆன்டெனா சரியாக வேலை செய்யாது. இடையில் 2 செ.மீ. பிளாஸ்டிக் கட்டை வையுங்கள். உயரம் இரண்டரை முதல் மூன்று மீட்டர். மனித உடம்பிலுள்ள தண்ணீர் ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடும். ஆளில்லாத ராத்திரியில் சோதித்த அளவு சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் செல்லாது. பக்கத்து நடைமேடையின் பீக்கன் குறுக்கிட்டால் சிக்னல் பவரை -12 டிபிஎம் (சிக்னல் பவரின் அளவு) வரை இறக்குங்கள்.

'3 மீட்டர் தூரம்' என்று போன் காட்டுவதை நம்பாதீர்கள். கிட்டவா எட்டவா என்பது மட்டும்தான் உறுதி, அதுவும் ஐந்தாறு சிக்னல் அளவுகளின் சராசரி எடுத்தால்.

பெரிய குறை: பயணியின் போனில் தனிச் செயலி வேண்டும். செயலி இல்லாமலே ஆண்ட்ராய்டில் அறிவிப்பு வந்த வசதியை 2018-இல் கூகுள் நிறுத்திவிட்டது.