பாலாவில் கட்டிய மலிவு சப்போட்டா: சில வருடம் வளர்த்த பிறகு

ஆடி மழைக்குக் கன்று வைக்க நினைக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "பி.கே.எம்.1 சப்போட்டா ஒட்டு பாதி விலைக்குத் தர்றாங்க, வாங்கலாமா?" பெரியகுளத்து ரகம் எப்படிக் காய்க்கும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை பாதியானால் குறைந்தது ரகம் அல்ல, ஒட்டுக்குக் கீழே இருக்கும் பாகம், அதாவது சப்போட்டாக் கிளையை இணைத்துக் கட்ட வேர் கொடுக்கும் வேர்ச்செடி. அதைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

சப்போட்டாவுக்கு நம் ஊரில் சரியான வேர்ச்செடி பாலா. கோடியக்கரைக் காட்டில் தானாக வளர்ந்து நிற்கும் அதே மரம்தான். ஈழத்து வன்னியில் பாலைப்பழம் என்று பொறுக்கித் தின்பது இதன் பழத்தை. உப்புக்காற்றையும் வறட்சியையும் தாங்கிப் பழகிய வேர். வளர்த்துப் பார்த்ததில் நான் மனதார மெச்சுவது இதைத்தான். சித்திரை வெயிலில் தண்ணீர் தள்ளிப்போனாலும் இலை தொங்குவதில்லை. ஆடிக் காற்றுக்கு மரம் அசைந்து கொடுப்பதில்லை. காயும் குறைவில்லை.

ஆனால் பாலா மிக மெதுவாக வளரும். விதை போட்டு, பென்சில் பருமனுக்கு வந்து ஒட்டுக்கட்ட ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். அதுவரை நாற்றங்காலில் தண்ணீரும் ஆள் கூலியும் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு நெருக்கு ஒட்டுக்காக (கிளையைத் தாய்மரத்திலிருந்து வெட்டாமலே வேர்ச்செடியோடு சேர்த்துக் கட்டுவது) ஒவ்வொரு பையையும் தாய்மரக் கிளைக்கு எட்டும்படி பரண் போட்டு ஏற்றி, அங்கேயே தண்ணீர் விட்டுக் காக்க வேண்டும். இவ்வளவும் செய்து பாதி விலைக்குக் கொடுக்க முடியாது. பாதி விலை என்றால் எங்கோ ஒரு வேலை குறைந்திருக்கிறது: சப்போட்டா விதைக்கன்றிலேயே கட்டியிருப்பார்கள், அல்லது ஒட்டே இல்லாத விண்பதியனாக (மரத்திலிருக்கும் கிளையிலேயே வேர்விடச் செய்து வெட்டி எடுத்த கன்று) இருக்கும், அல்லது பாலாவே ஆனாலும் மெலிந்த செடியில் கட்டி, தாய்மரத்திலிருந்து அவசரமாகப் பிரித்திருப்பார்கள். விண்பதியனுக்கு ஆணிவேர் கிடையாது. காற்றடிக்கும் இடத்தில் மரம் பெருத்ததும் சாய்கிற ஆபத்து உண்டு.

நான் வளர்ப்பது மூன்றாவது வகை. அதில் தீராத எரிச்சல் சிம்பு என்கிற பக்கத்தளிர்தான். ஒட்டுக்குக் கீழே, பாலா தண்டிலிருந்து, ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு உரத்துக்கும் கிளம்பி வருகிறது. மேலே உள்ள சப்போட்டா வலுவாக இருந்தால் அதன் நுனி கீழ்மொட்டுகளை அடக்கி வைக்கும். ஒட்டு அரைகுறையாகப் பிடித்திருந்தால் சாறு மேலே சரியாக ஏறாது. அடியில் உறங்கும் மொட்டுக்குக் கொண்டாட்டம். ஆடு மேல்நுனியைக் கடித்தாலும், ஒட்டு மண்ணில் புதைந்தாலும் இதே கதை. கவனிக்காமல் விட்டால் பாலா மேலே ஏறி, சப்போட்டா ஒரு பக்கமாக ஒதுங்கிச் செத்துப்போகும். வேலியோரத்தில் சப்போட்டா என்று வருடக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் பழம் காய்க்கிற மரங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

அடையாளம் இலையில் இருக்கிறது. சப்போட்டா இலை நுனி கூராக முடியும். பாலா இலை விறைப்பாக, கரும்பச்சையாக, நுனி மழுங்கி நடுவில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தது போல இருக்கும். இரண்டிலும் பால் வடியும் என்பதால் பாலை வைத்துப் பிரிக்க முடியாது.

சிம்பு விரல் நீளம் வருவதற்குள் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பிய்த்துவிட வேண்டும். கத்தரியால் வெட்டினால் அடியில் மொட்டு தங்கி, ஒன்று இரண்டாக வரும். பிய்த்தால் அடிமொட்டோடு வந்துவிடும். மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்: ஒட்டுக்கு நேர் கீழே உள்ள வளையம், மண்ணைத் தொடும் அடித்தண்டு. மண்மேல் பரப்பிய மூடாக்கை (சருகு, வைக்கோல்) விலக்கிப் பார்க்காவிட்டால் இரண்டாவது கண்ணில் படாது.

பென்சில் பருமனைத் தாண்டியதைப் பிய்க்கக் கூடாது, பட்டை கிழியும். மண்ணை ஒதுக்கி, கிளம்பும் இடத்திலேயே குச்சி மிஞ்சாமல் அறுத்து, வெட்டுக்காயம் அழுகாமலிருக்க போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு அரை லிட்டரில், தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே பூசிவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

நடும்போதே பாதி எரிச்சலைத் தவிர்க்கலாம். குழி ஒரு மீட்டர் நீள அகல ஆழம். ஒட்டு மண்ணுக்கு மேல் 15 செ.மீ.யாவது நிற்க வேண்டும். குழி மண் பிறகு அமுங்கும், அதற்கும் இடம் விடுங்கள். ஒட்டைச் சுற்றிய பாலித்தீன் நாடாவை மறக்காதீர்கள். வேர் பிடித்துப் புதுத்தளிர் முற்றியதும் பிளேடால் நெடுக்காகக் கீறி எடுக்காவிட்டால் தண்டு பெருக்கும்போது அது கழுத்தை நெரிக்கும், மேலே போகும் சாறு குறையும், மறுபடி சிம்பு.

வாங்குகிற இடத்தில் பையைத் தூக்கிப் பாருங்கள். ஒட்டின் மேலும் கீழும் தண்டு ஏறக்குறைய ஒரே பருமனா, பிரித்த பிறகு இரண்டு முறையாவது தளிர்த்திருக்கிறதா, ஒட்டுக்கு மேல் பாலா தண்டின் மொட்டைக்குச்சி நீளமாக விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்தக் குச்சி காய்ந்து அழுகல் உள்ளே இறங்கும். சின்னப் பையில் நாள்பட்ட செடி என்றால் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். அதை நறுக்காமல் நட்டால் பாலாவின் ஆழ வேர் என்று கொடுத்த காசு வீண். அட்டையில் ரகத்தின் பெயர் மட்டும்தான் எழுதுகிறார்கள். வேர்ச்செடி என்ன, எப்போது ஒட்டு பிரித்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுத என்ன தடை? மரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தப் பாதி.

மாவில் மலிவு விலை இவ்வளவு உறுத்துவதில்லை. முளைத்து 10, 15 நாளில் செம்புநிறத் தளிரிலேயே கட்டிவிடுகிறார்கள், அதனால் விலை குறைவது நியாயம். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: வேர்ச்செடிக்காகப் போடும் கொட்டை பெங்களூரா போன்ற ஒற்றைக்கரு ரகமானால் (ஒரு கொட்டைக்கு ஒரே கரு), அதில் வரும் ஒவ்வொரு நாற்றும் வேறு வேறு. ஒரே வரிசையில், ஒரே ரகம், ஒரே தண்ணீர், ஒரு மரம் ஓங்கி இன்னொன்று குன்றி நிற்பதற்கு இதுவும் காரணம். வெள்ளைக்கொழும்பான் போன்ற பல்கரு ரகத்தில் (ஒரு கொட்டையில் பல கரு) நாற்றுகள் பெரும்பாலும் தாயைப் போலவே, ஒரே சீராக வரும்.

நண்பருக்கு என் பதில்: மரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பழம் அருமை, பாலா வேர் பொன். இருந்தாலும் அந்தப் பாதி விலைக் கன்றை வாங்காதீர்கள். இரண்டு மரத்துக்கு முழு விலை கொடுங்கள், நான்கு வேண்டாம். மிச்சப்படுகிற காசை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குனிந்து குனிந்து கட்டுவதற்கு எனக்கு இனிப் பொறுமை இல்லை.