நடுவில் ஒரு புதுக் கட்சியா, புதிய தேர்தல் முறையா?

இடதும் வலதும் முறைத்துக்கொண்டு நிற்கும் நாடுகளில் "நடுவில் ஒரு நல்ல கட்சி வரட்டும்" என்ற பேச்சு அடிக்கடி எழும். பிரிட்டனும் பிரான்சும் அப்படிக் கட்சி கண்டன. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் கட்சியை விட்டுவிட்டுத் தேர்தல் முறையில் கை வைத்தது. என் ஓட்டு அலாஸ்காவுக்கு.

பிரிட்டன் கதை சின்னது. லேபர் கட்சி இடதுபக்கம் ரொம்பவே சாய்கிறது என்று 1981-ல் ராய் ஜென்கின்ஸ் உள்ளிட்ட நான்கு முன்னாள் அமைச்சர்கள் தனிக்கட்சி தொடங்கி, லிபரல் கட்சியோடு கூட்டணி வைத்தார்கள். 1983 தேர்தலில் அந்தக் கூட்டணிக்கு 25.4 சதவீத ஓட்டு, லேபருக்கு 27.6. இடங்களோ லேபருக்கு 209, கூட்டணிக்கு 23! தொகுதியில் முதலில் வருபவருக்கே வெற்றி என்ற, நம் ஊரிலும் உள்ள முறை செய்த வேலை இது. நாடு முழுக்கப் பரவலாக ஓட்டு வாங்கும் கட்சிக்கு இந்த முறையில் வழியே இல்லை.

பிரான்சில் மக்ரோன் ஜெயித்தே காட்டினார். 2016-ல் கட்சி, 2017-ல் அதிபர் பதவி. ஆனால் இடதிலும் வலதிலும் இருந்த மிதவாதிகளை அவர் தன் பக்கம் இழுத்ததில் பழைய கட்சிகள் காலியாகின. 2022 அதிபர் தேர்தலில் சோசலிஸ்ட் வேட்பாளருக்கு 2 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. ஆட்சிமேல் கோபம் வந்தவர்களுக்குப் போக்கிடம் இரண்டு ஓரங்கள்தான். இறுதிச் சுற்றில் 2017-ல் 34 சதவீதம் வாங்கிய தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென், 2022-ல் 41-ஐத் தாண்டினார். 2024 தேர்தலுக்குப் பிறகு நாடாளுமன்றம் பெரும்பான்மை இல்லாத மூன்று அணிகளாக நிற்கிறது. நடுக் கட்சி ஜெயித்தும் பிளவு ஆறவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அலாஸ்கா மக்கள் 2020-ல் ஓட்டுப் போட்டு முறையை மாற்றினார்கள். முதல் சுற்று எல்லாக் கட்சிக்கும் பொது. அதில் முதல் நான்கு பேர் நவம்பர் தேர்தலுக்குப் போவார்கள். அங்கே வாக்காளர் 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆளை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

லீசா மர்கௌஸ்கியைப் பாருங்கள். 2010-ல் இந்தக் குடியரசுக் கட்சி செனட்டர் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலிலேயே தோற்று, வாக்காளர்கள் சீட்டில் பெயரை எழுதிப் போட்டதால்தான் தப்பித்தார். 2021-ல் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் அவரைக் குற்றவாளி என்று செனட்டில் வாக்களித்தார், மாநிலக் கட்சி கண்டனத் தீர்மானம் போட்டது. பழைய உட்தேர்தல் இருந்திருந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான். 2022-ல் புதிய முறையில், ஜனநாயகக் கட்சிக்காரர்களின் அடுத்த விருப்ப ஓட்டுகளும் சேர்ந்து ஜெயித்தார். அப்புறம் அலாஸ்கா மாநிலத்தின் சொந்தச் சட்டமன்ற மேலவையில் 20 பேரில் 17 பேர் கட்சி பாராமல் ஒரே அணியாக அமர்ந்தார்கள்.

ஓட்டையும் உண்டு. 2022-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கு நடந்த இடைத்தேர்தலில், அதே குடியரசுக் கட்சியின் சேரா பேலினைவிட மிதமான நிக் பெகிச் மூன்றாவதாக வந்து முதலில் வெளியேறினார். பலருக்கும் இரண்டாம் விருப்பமாக இருப்பவர், முதல் விருப்ப ஓட்டு குறைந்தால் இப்படி அடிபடுவார். இதைச் சரிசெய்ய, வேட்பாளர்களை இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டு எண்ணும் முறை இருக்கிறது. அலாஸ்கா அடுத்து அதைத்தான் யோசிக்க வேண்டும். 2020-ல் வந்த முறையையே ஒழிக்க 2024-ல் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த தீர்மானம் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில்தான் தோற்றது.