சுரங்க மீத்தேன்: துளையிலிருந்தா, விசிறியிலிருந்தா?

நிலக்கரிச் சுரங்கத்தில் கசியும் மீத்தேன் எரியக்கூடிய வாயு; காற்றில் கலந்தால் புவியைச் சூடாக்கும். அதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது, நிலக்கரிப் படுகையில் துளையிட்டு வாயுவை உறிஞ்சுவது. ஆப்பின், டவர் சுரங்கங்களில் 1990-களில் தலா 1 மெகாவாட் திறனுள்ள 94 எஞ்சின்களை வைத்தார்கள். வாயு செறிவாக வருவதால் எஞ்சினில் நேராக எரிகிறது. உள்ளே இறங்குகிறவர்களுக்கும் வெடிக்கும் ஆபத்து குறைகிறது.

இரண்டாவது, காற்றோட்ட விசிறி வெளியே தள்ளும் காற்று. அதில் மீத்தேன் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே. தீக்குச்சி கிழித்தாலும் பற்றாது (பற்றுவதற்கு 5 சதவீதமாவது வேண்டும்). வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் 2007-ல் இதற்கு ஒரு வித்தை செய்தார்கள். சுமார் 1,000 டிகிரிக்குச் சூடேறிய பீங்கான் படுகைக்குள் காற்றை ஒரு பக்கமிருந்து விடுவது, அப்புறம் திசையைத் திருப்பி மறுபக்கமிருந்து விடுவது. சூடு நடுவிலேயே தங்கிவிடும். மீத்தேன் சுடரே இல்லாமல் எரியும். அந்தச் சூட்டில் நீராவி எடுத்து டர்பைனைச் சுற்றினார்கள். கிடைத்தது 6 மெகாவாட்.

மின்சாரக் கணக்கில் இது முதலாவதின் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் நிலத்தடிச் சுரங்க மீத்தேனில் பெரும்பகுதி தப்பிப்பது விசிறி வழியாகத்தான். சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என்னைக் கேட்டால் முதலில் துளை. மீத்தேனைத் தடுப்பதற்குக் காசு கிடைக்கும் நாட்டில் மட்டும் விசிறியும்.