நிறுக்க முன் வாசிக்கிற பத்தர்

யாழ்ப்பாணத்தில் பழைய வெள்ளிக் கரண்டி வைத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பி வந்தவர்களின் வீடுகளில் பெட்டகத்தைக் கிளறினால், சீலைத் துண்டில் சுற்றிய ஏதாவது ஒன்று அடியில் கிடக்கும். அப்படி உங்களிடம் இருந்தால், எங்கேயும் விற்பதற்கு முன்னம் கன்னாதிட்டியில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு ஒருதரம் போங்கள். பெயர்ப்பலகை இல்லை. வாசலில் ஒரு வேப்பமரம், உள்ளே ஒரு மர மேசை, மேசையடியில் உமி நெருப்புச் சட்டி. வெள்ளியில் குத்திய முத்திரைகளை வாசிக்கத் தெரிந்த பத்தர் (பொற்கொல்லர்) ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

நான் கொண்டு போனது எங்கள் அம்மப்பாவின் கரண்டிகள். ஆறு தேக்கரண்டி, ஒரு பெரிய பரிமாறும் கரண்டி. கோலாலம்பூரில் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கியதாக அம்மா சொல்லுவா. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்து எல்லாரும் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, அம்மா சைக்கிள் பையில் அரிசிக்குள் புதைத்துக் கொண்டுபோன சாமான்களில் இவையும் இருந்தன. அதனால் எங்களுக்கு இது வெறும் வெள்ளி இல்லை, முதுசம்.

முதலில் நான் போனது வேறு ஒரு நகைக்கடைக்கு. அங்கே கரண்டிகளைக் கையில் வாங்கியதும் தராசில் போட்டார்கள். இன்றைய விலைக்கு இவ்வளவு கிராம், இவ்வளவு ரூபா. பிறகு வெள்ளி தானா என்று பார்க்க ஒரு கரண்டியின் பின்பக்கத்தை அரத்தால் ராவினார்கள். நான் "நில்லுங்கோ" என்று சொல்வதற்குள் முத்திரைகள் இருந்த இடத்திலேயே அரம் விழுந்துவிட்டது. அதில் இருந்த சிங்கத்தில் இப்போது பின்பாதி மட்டும்தான் மிச்சம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. உலோகம் என்னவென்று சொல்லும் முத்திரையை அழித்துவிட்டு உலோகத்தைச் சோதிப்பது என்ன சோதனை?

கன்னாதிட்டிப் பத்தர் ஐயா தராசைத் தொடவே இல்லை. கரண்டியைக் குப்புறத் திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பத்து மடங்கு பெருப்பிக்கும் சின்னக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கரண்டியின் மேல் வாயால் மெதுவாக ஊதினார். அந்த ஆவி படியும் ஒரு கணத்துக்குத் தேய்ந்துபோன கோடுகள் எழுந்து நின்றன. "பாத்தீங்களோ ரீச்சர், அழிஞ்சது எண்டு நினைக்கிறது அங்கதான் கிடக்கு" என்றார். எனக்குப் பின்கழுத்து சிலிர்த்துவிட்டது.

தண்டின் பின்பக்கத்தில் ஐந்து சின்ன அச்சுகள். அவர் ஒவ்வொன்றாக என்னையே பார்க்க வைத்தார். வலது முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு. இங்கிலாந்தில் 1544 முதல் குத்தப்படுகிற முத்திரை அது. சிறுத்தைத் தலை லண்டனுக்கு உரியது. பேர்மிங்காம் என்றால் நங்கூரம், 1974 வரை ஷெஃபீல்ட் என்றால் கிரீடம், எடின்பரோ என்றால் கோட்டை. அடுத்தது ஒரு மனிதத் தலை. செய்தவரின் உருவம் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். "அது ராசான்ர தலை. வரி கட்டியாச்சு எண்டதுக்குக் குத்தினது" என்றார் ஐயா. 1784 இலிருந்து 1890 வரை, வெள்ளிச் சாமானுக்கு வரி இருந்த காலத்தில் மட்டும் வரும் முத்திரையாம். கரண்டியில் ராசா தலை இருந்தால் அந்த நூற்றுச் சொச்ச வருடத்துக்குள் அது செய்யப்பட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நான்காவது ஒரு எழுத்து, ஆங்கிலச் சின்ன 'கே'. இந்த இடத்தில்தான் எனக்கு ஐயாமேல் பெரிய மதிப்பு வந்தது. அவரிடம் தகப்பன் காலத்துக் கொப்பி ஒன்று இருக்கிறது. ஒற்றை றூல் கொப்பியில் மையால் வரைந்த எழுத்து வரிசைகள். அந்தக் காலத்தில் லண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து, மே மாதத்தில் மாறும். 'ஜே'யை விட்டுவிட்டு 'ஏ' முதல் 'யூ' வரை 20 எழுத்து முடிய, வேறு எழுத்து வடிவத்தில் திரும்பவும் தொடங்கும். சின்ன 'கே' 1785 இலும் இருக்கிறது, 1825 இலும் இருக்கிறது. எழுத்தை மட்டும் பார்த்து ஆண்டு சொல்லுகிறவர் நாற்பது வருடம் பிழைக்கலாம். ஐயா சிங்கத்துக்குத் திரும்பிப் போனார். 1821 வரைக்கும் லண்டன் சிங்கம் முகத்தை எங்கள் பக்கம் திருப்பியிருக்கும், சிறுத்தை தலையில் கிரீடம் வைத்திருக்கும். எங்கள் சிங்கம் தான் போகும் பக்கத்தையே பார்த்து நடக்கிறது, சிறுத்தைக்குக் கிரீடம் இல்லை. ஆகவே 1825. ஒரு முத்திரையை இன்னொரு முத்திரையிடம் கேட்டு உறுதிப்படுத்துகிற இந்த நிதானத்துக்காகவே அவரிடம் போகலாம்.

கடைசி அச்சு செய்தவருடையது, 'டபிள்யூ சி'. லண்டனில் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் செய்வதையே பெரிய தொழிலாக நடத்திய வில்லியம் சோனர். தண்டு மேலே போகப்போகத் தோள் வைத்து அகலும் இந்த வடிவத்துக்குப் பிடில் என்று பெயர். வாத்தியத்தைக் கவிழ்த்து வைத்ததுபோலத்தான் இருக்கிறது.

பெரிய கரண்டியின் கதை வேறு. அது பாரமாக, பளபளப்பாக இருப்பதால் அதுதான் அசல் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தோம். இரண்டு சின்னம்மாமார் அதற்காக வருடக்கணக்கில் கதைக்காமலும் இருந்திருக்கிறார்கள். அதிலும் வரிசையாக நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் கோணல்மாணலான அலங்கார எழுத்து. ஐயா கண்ணாடியை என் கையில் தந்து வாசிக்கச் சொன்னார். ஈ, பி, என், எஸ். நிக்கல் வெள்ளியின்மேல் மின்சாரத்தால் முலாம் பூசியது என்று அர்த்தம். நிக்கல் வெள்ளி என்பது பெயர்தான், அதில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான் உண்டு, வெள்ளி கிடையாது. இந்த முலாம் முறைக்குப் பேர்மிங்காம் எல்கிங்டன் கொம்பனி 1840 இல் காப்புரிமை எடுத்தது. தூரத்தில் பார்த்தால் அசல் முத்திரை போலத் தெரிய வேண்டும் என்றுதான் எழுத்துகளை இப்படிக் கட்டம் கட்டிக் குத்தினார்கள். ஐயா இதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்தி, "விக்கிறதுக்கு விலை இல்லை, ஆனா அம்மப்பா பரிமாறின கரண்டி, வச்சிருங்கோ" என்றார். அந்தப் பக்குவத்துக்கு நான் என்ன விலை கொடுப்பது?

இனி அந்தச் சின்னம். தேக்கரண்டி ஆறிலும் பிடியின் முன்பக்க நுனியில், வாயில் ஒரு கொப்பைக் கவ்விய பறவை, முறுக்கிய கயிறு போன்ற ஒரு கோட்டின்மேல் நிற்கிறது. அந்த முறுக்கில் ஆறு புரி. தலைக்கவசத்தில் சுற்றும் இருநிறத் துணி அது, அதன்மேல் நிற்பது குடும்பச் சின்னம். கடையில் வாங்கிய பிறகு வாங்கியவர் தன் செலவில் வேறொரு செதுக்குகாரரிடம் வெட்டுவித்தது, சோனருக்கும் அதற்கும் தொடர்பில்லை. எந்தக் குடும்பம் என்று ஐயா சொல்லவில்லை. ஒரே பறவையை, ஒரே கொப்போடு, பல குடும்பங்கள் வைத்திருந்திருக்கின்றன. கேடயமும் வாசகமும் சேர்ந்திருந்தால் தேடலாம், சின்னம் மட்டும் என்றால் ஒரு பெயரில் கொண்டுபோய் ஒட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இன்ன பிரபுவின் கரண்டி என்று கதை கட்டிக் கூட்டி விற்பவர்கள் இருக்கிற தொழிலில் இந்தக் கண்டிப்பு பெரிய விஷயம்.

ஒரு கரண்டியில் பறவையின் செட்டை முழுக்க வழுவழுத்துக் கிடந்தது. யாராவது பழைய பெயரைச் சுரண்டினார்களோ என்று கேட்டேன். பெருவிரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். சுரண்டியிருந்தால் அந்த இடம் மெலிந்து குழிந்திருக்கும், ஊதினால் திட்டாகத் தெரியும். இது அப்படியில்லை, திருநீறு. மூன்று தலைமுறையாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருநீறு போட்டுத் தேய்த்ததில் பறவை கரைந்திருக்கிறது. அம்மா தேய்க்கும்போது நானும் பக்கத்தில் இருந்து தேய்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சவுக்காரமும் மெல்லிய பருத்தித் துணியும் போதுமாம், பழப்புளியும் சாம்பலும் வேண்டாமாம். அப்புறம், தண்டுகளில் குறுக்காக ஓடிய கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் "றப்பர் பாண்ட் போட்டுக் கட்டினனீங்களோ?" என்று கேட்டார். ஆமாம், நான்தான். றப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கப் பண்ணும்.

ஏழு கரண்டிக்கும் சேர்த்து 1,500 ரூபா வாங்கினார், இரண்டு காலைப்பொழுது செலவழித்தார். என் பார்வையில் அது மிகக் குறைவு. குறை என்று சொல்வதானால், எழுத்தில் எதுவும் தரமாட்டார், நீங்களே கொப்பி கொண்டுபோய் எழுத வேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் பார்க்கவும் மாட்டார். மத்தியானத்துக்குப் பிறகு வெளிச்சம் போதாது என்று திருப்பி அனுப்புவார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பட்டறை பூட்டு, அதைத் தெரியாமல் நான் ஒருமுறை ஓட்டோ பிடித்துப் போய்த் திரும்பினேன். அவருக்குப் பிறகு இதைப் பழகுவதற்கு ஆள் இல்லை என்பது எனக்குக் கவலை. மகன் தங்க வேலை மட்டும்தான் செய்கிறார்.

ராவுப்பட்ட கரண்டியை மெருகு போட்டு மறைக்கலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். மெருகு போட்டால் மிச்சப் பாதிச் சிங்கமும் போய்விடும்.

போன கிழமை அயல்வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவவின் கரண்டி மெல்லியது, சிங்கமும் இல்லை, தலையும் இல்லை. அதே நகைக்கடையில் அதைத் தகரம் என்று சொல்லியிருந்தார்கள். பின்பக்கத்தில் 'பியூர் கொயின்' என்று மட்டும் இருந்தது. ஐயா கண்ணாடியை வைத்த உடனேயே சிரித்தார். அமெரிக்கக் கரண்டி. அந்த நாட்டில் இங்கிலாந்தைப்போல வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் முறை நாடு முழுதுக்கும் இருக்கவில்லை, நாணயத் தரத்து வெள்ளி என்பதைச் செய்தவர்களே குத்தினார்கள். 1837 இலிருந்து அவர்களின் நாணய வெள்ளி ஆயிரத்தில் 900. அமெரிக்க மிஷன்காரர் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தவர்கள், உடுவில் பெண்கள் பள்ளிக்கூடம் 1824 இல் தொடங்கியது. அக்காவின் பூட்டி உடுவிலில் விடுதியில் இருந்து படித்தவ. மிஷன் அம்மா ஒருவர் கலியாணத்துக்குக் கொடுத்த கரண்டி என்று வீட்டில் சொல்லுகிற கதையை இவ்வளவு காலமும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா அந்தக் கரண்டியைத் திரும்ப வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா.